பதினாறு மடிப்புப் பட்டுச் சட்டை

ஜெயக்குமார்: துப்பாக்கிக் குண்டு துளைக்காதுன்னா... கொஞ்சங்கூடவா துளைக்காது?

பச்சையப்பன்: இன்னா கவுன்சிலரே, வந்ததுலேந்து இதையே கேட்டுகினு இருக்க! பதினாறு மடிப்புப் பட்டு. குண்டு உள்ள பூந்தா வழி தெரியாம நின்னுடும்.

ஜெயக்குமார்: போடப்போறது நானாச்சே அண்ணே. கொன்னுடுவேன்னு லெட்டர் வந்திருக்கு. காவலுக்குப் போலீஸ் கன்மேன் கேட்டு மனு குடுத்திருக்கேன்...

சுபலட்சுமி: பாவம் தம்பி, இவர நம்பிப் போயி...

பச்சையப்பன்: நீ தறியப் பாருடி!

ஜெயக்குமார்: அண்ணி இன்னாவோ சொல்ல வந்தாங்க...

பச்சையப்பன்: அவ கெடக்கறா. உன் கண்ணு முன்னாடியே நூல உருவிக் கொளுத்தினேன் இல்ல? முடி கருகற வாசன வந்துதா இல்லியா?

ஜெயக்குமார்: வந்துது. அசல் பட்டுன்னு தெரிஞ்சிது. குண்டு துளைக்காதுன்னு எங்க தெரிஞ்சிது?

பச்சையப்பன்: புடவைக்கு ‘சாயம் போகாது’ன்னு எழுதித் தர்றேன் இல்ல? இதுக்கு ‘குண்டு துளைக்காது’ன்னு எழுதித் தர்றேன். அதே கேரண்டிதான்.

ஜெயக்குமார்: போன தீபாவளிப் புடவ சாயம் போச்சே!

பச்சையப்பன்: மாத்திக் குடுத்தேனா இல்லியா? இதுவும் அப்படித்தான். துளைச்சா எடுத்துகினு வா.

சுபலட்சுமி: துளைச்சா அவரு எங்கேந்து எடுத்துகினு வர்றது!

ஜெயக்குமார்: சரி விடுங்க. பெரணமல்லூர் மிலிட்டரிக்காரரு லைசென்ஸ் துப்பாக்கியோட வந்துகினு இருக்காரு. ஒரு தபா சுட்டு, வீடியோ எடுத்து, வாட்ஸாப்புல உட்டுடலாம்.

பச்சையப்பன்: பேஷா. தென்ன மரத்துல மாட்டு.

ஜெயக்குமார்: மரத்துல எதுக்கு? எந்தப் புடவையா இருந்தாலும் உங்க தோள்ல போட்டுத்தான காட்டுவீங்க? இதையும் நீங்களே போட்டுக் காட்டுங்க.

பச்சையப்பன்: நானா? உன் அளவுக்குத் தெச்சதாச்சே!

ஜெயக்குமார்: இன்னா அண்ணே, இப்படி வேர்க்குது?

பச்சையப்பன்: கரண்ட்டு இல்ல, அதான்... போட்டா இன்னா? நம்ம சரக்கு மேல எனக்கு நம்பிக்க இல்லியா? குடு இப்படி...

சுபலட்சுமி: ஐயோ, கழட்டுங்க! தம்பி, உன் கால்ல வேணா விழறேன். மேல ஒரு மடிப்புதான் பட்டு. உள்ள பதினஞ்சும் என் பழைய நைட்டி!

பச்சையப்பன்: அடிப்பாவி, மானத்த வாங்கிட்டியே!

சுபலட்சுமி: மானம் போனா போவுது, தாலி இருக்கட்டும். தம்பி, மன்னிச்சிடுப்பா... உன் உசுரோட வெளையாடிட்டோம். லெட்டர் எழுதின பாவி நெஜமாவே சுட்டிருந்தா, உன் பொண்டாட்டி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்...

ஜெயக்குமார்: அழாதீங்க அண்ணி. அவன் சுட மாட்டான்.

சுபலட்சுமி: அதெப்படி உனக்குத் தெரியும்?

ஜெயக்குமார்: கன்மேன் இல்லாத கவுன்சிலர எவன் மதிக்கறான்?... கேட்டா, மெரட்டல் எதுனா இருக்கான்னாங்க. ஒருத்தனும் மெரட்டல அண்ணி. நானே ஒக்காந்து எழுதிட்டேன்.