வாசலைப் பார்க்காத நாற்காலி

தலைவர் திரு. அந்தோனிப்பிள்ளை அவர்களே, தோட்டங்களிலிருந்து மழையில் நடந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். நான் மேடைகளில் பேசியவள் அல்ல. பட்டம் படித்துவிட்டுப் பள்ளியில் பாடம் சொல்லித்தரும் பெண் நாலு வார்த்தை பேசட்டும் என்று தலைவர் சொன்னபோது முதலில் மறுத்தேன். பிறகு நானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டேன். காரணம் சொல்கிறேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது ஆண்டு மருந்து கட்டும் டிரசராக இருந்த திரு. ஐயாசாமி அவர்களைப் பற்றி இதுவரை மூவர் பேசினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு வெள்ளத்தில் அவர் தோளில் சுமந்து கரையேற்றிய குழந்தைகளைப் பற்றிப் பேசினார்கள். மலேரியாக் காலத்தில் வீடு வீடாகக் கொயினா மாத்திரை கொடுத்ததைப் பற்றிப் பேசினார்கள். எல்லாம் உண்மை. ஆனால் ரயில் பாதையோரம் அவர் வாடகைக்கு எடுத்திருந்த அறையைப் பற்றி யாராவது பேசினார்களா? ஞாயிறு மூன்று மணிக்கு, கள்ளுக்கடை திறக்கும் அதே நேரத்தில், குடியை விட நினைப்பவர்களுக்காக அவர் அந்தக் கதவைத் திறந்து வைத்தாரே, அதைப் பற்றி யாராவது பேசினார்களா?

பேசாததற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. பேசுகிறவர் தன்னைக் காட்டிக்கொண்டவர் ஆகிவிடுவார். அந்த அறையால் மீண்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். என் வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் தந்தை தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அம்பிகைபாகன். குடி என்றால் கள்ளு, கள்ளு என்றால் தோட்டத்து ஆட்கள் என்றுதான் எங்களைப் போன்ற கிராணிமார் வீடுகளில் சொல்வோம். அப்பாவின் பிராந்திப் புட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுச் சொல்வோம்.

அந்த அறையை நான் தேடிப் போன நாளில் கடைத்தெருவில் ஒரு தேநீர்க்கடைக்காரரிடம் வழி கேட்டேன். "ஆளே இல்லாத கூட்டத்துக்கு வழி கேக்குறீங்களேம்மா" என்று சிரித்தார். அவர் சொன்னது ஏறக்குறையச் சரிதான். உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு தேநீர்க் கெண்டி, ஒரு நாற்காலி. நாற்காலி ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தது. வாசலுக்கு முதுகைக் காட்டி டிரசர் ஐயா உட்கார்ந்திருந்தார். நான் உட்கார்ந்ததும் பெஞ்சு கிறீச்சிட்டது. அதன் பிறகுதான் தேநீர் ஊற்றினார்.

ஏன் இப்படி என்று கேட்டேன்.

"முதல்ல சங்கம்னு வச்சு, குடிக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணவங்க பேரையெல்லாம் எழுதி ஸ்டேஷன் சுவத்துல ஒட்டுனோம் டீச்சரம்மா. பெருமைன்னு நெனச்சோம். மறுவாரம் ஒருத்தரும் வரல. இப்ப நான் திரும்பிப் பாக்குறதில்ல. வாசல் வரைக்கும் வந்துட்டுப் போறவங்க போகலாம். காலடிச் சத்தம் கேக்கும். அதுவே ஒரு வாரத்துக்குப் போதும்."

பதினொரு ஞாயிறு போனேன். எங்கே போகிறேன் என்று அப்பாவுக்குத் தெரியும். என் தந்தை வராத இடத்தில் அவருக்குப் பதிலாக நான் இருந்தேன். பல நாள் நாங்கள் இருவர் மட்டுமே. அவர் ஜன்னலைப் பார்ப்பார், நான் அவர் முதுகைப் பார்ப்பேன். கடைசி நாளில் திரும்பாமலே சொன்னார்: "அடுத்த வாரம் வராதீங்கம்மா. நீங்க இங்க உக்காந்திருந்தா ஒங்கப்பா எப்படி வருவாரு?"

எனக்கு வருத்தமாக இருந்தது. எனக்கென்று இந்த ஊரில் இருந்த ஒரே கூட்டம் அதுதான். ஆனாலும் போகவில்லை.

அந்த ஞாயிறு நல்ல மழை. மூன்று மணிக்கு அப்பா குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஆறு மணிக்கு வந்தார். பிராந்தி வாடை இல்லை.

"அந்த மனுசன் ஒரு சொல்லும் கதைக்கேல்ல பிள்ளை," என்றார். "அந்த பெஞ்சு வாங்கில இருந்தனான். வேற ஒருத்தரும் வரேல்ல. என்னத்தைச் சொல்லித் தொடங்குறது எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். அஞ்சு மணி ரயிலும் போச்சுது. அப்பவும் தேத்தண்ணி ஊத்தேல்ல. கிட்டப் போய்த் தோளைத் தொட்டனான்."

இரண்டு மணி அளவிலேயே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். வழக்கத்தைவிட முன்னதாகவே கதவைத் திறந்து வைத்துவிட்டு, நாற்காலியில் அமர்ந்து, காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தபடியே அவர் போயிருக்கிறார். தான் எதிர்பார்த்த மனிதர் வந்தது அவருக்குத் தெரியாது. தன் முதுகைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் அவர் குடிக்காமல் இருந்ததும் தெரியாது. இதைச் சொல்ல எனக்கு வேறு இடம் இல்லை, டிரசர் ஐயா. அதனால் இங்கே சொல்கிறேன்.

இன்று ஆறாவது நாள். அப்பா இன்னும் குடிக்கவில்லை. ஏழாவது நாள் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். இதைச் சொல்லலாமா என்று நேற்றுக் கேட்டேன். "சொல்லு" என்றார். பிறகு, "அந்தக் கதிரையில நான் இருக்கிறன். கதைக்கத் தெரியாட்டிலும் திரும்பாமல் இருக்கலாம்தானே?" என்றார்.

டிரசர் ஐயாவின் வேலையை விடாமல் செய்வோம் என்று உறுதி சொல்வது இத்தகைய கூட்டங்களின் வழக்கம். என் உறுதி சிறியது. அறையின் சாவி எங்களிடம் இருக்கிறது. தேயிலையும் சீனியும் நான் வாங்கி வைத்துவிட்டேன். நாளை ஞாயிறு. மூன்று மணிக்குக் கதவு திறந்திருக்கும். நாற்காலியில் இருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். வருகிறவர் யார் என்று அவர் பார்க்க மாட்டார். ஆனால் பெஞ்சு கிறீச்சிடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு அது வேண்டும்.

டிரசர் ஐயா சொன்னபடி நான் அங்கே வர மாட்டேன். வீட்டில் தனியாக இருப்பேன்.