தட்டில் வராத தாள்

கேமரன் மலையில் காகிதத்துக்குக்கூடச் சளி பிடிக்கும், இன்ஸ்பெக்டர். அதனால்தான் ஆபிஸ் அலமாரிக்குள் ஒரு பல்பை எரியவிட்டு, தாள்கட்டுகளை அதன் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பேன். ஈரத்தாள் பிரிண்டருக்குள் போனால் சுருண்டு சிக்கிக்கொள்ளும். தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தோரு வருடம் கிராணியாக, ஆபிஸ் குமாஸ்தா வேலை பார்த்த இந்த ராஜநாயகத்துக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன வருடம் வரை அந்தப் பிரிண்டரின் வயர் என் கம்ப்யூட்டரில்தான் செருகியிருந்தது. யாருக்கு எந்தத் தாள் வேண்டுமென்றாலும் என் மேசைக்கு வர வேண்டும். செடிகளுக்குப் பூச்சிமருந்தடிப்பதைப் பார்த்துக்கொள்ளும் ஹரிதாஸ் மேலே ஸ்டோரிலிருந்து இறங்கி வந்து, "கிராணி, ஒண்ணு அடிச்சுக் குடுங்க லா" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். நானும் கொஞ்ச நேரம் நிற்க வைத்துத்தான் கொடுப்பேன்.

பிறகு ரூபினி வேலைக்கு வந்தாள். ஈப்போவில் கம்ப்யூட்டர் படித்த பெண். எஸ்டேட் மேனேஜர் துரையிடம் பேசி ஒரு சின்ன சர்வர் வாங்க வைத்தாள். பிரிண்டரை அதில் மாட்டிவிட்டால் ஆபிஸ், ஸ்டோர், பேக்டரி எங்கிருந்தும் அவரவரே பிரிண்ட் கொடுத்துக்கொள்ளலாமாம். அதன் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்க வேண்டும் என்று துரை கேட்டார். "அங்கிள்கிட்டயே இருக்கட்டும் துரை. அவருதானே சீனியர்" என்றாள். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காரணமில்லாமல் யார் இவ்வளவு மரியாதை கொடுப்பார்கள்?

பாஸ்வேர்டால் ஒரு வசதி. யார் பிரிண்ட் கொடுத்தாலும் ஆள் பெயர், தாளின் பெயர், நேரம் என்று என் திரையில் வரிசையாக வந்து நிற்கும். வேண்டுமென்றால் நிறுத்தி வைக்கலாம். அவ்வப்போது நிறுத்தினேன். "அங்கிள், பிரிண்ட் வரல லா" என்று வருவார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரொம்ப யோசிப்பவன் மாதிரி பார்த்துவிட்டு, கீபோர்டில் இரண்டு தட்டு தட்டி விடுவேன். "அங்கிள் இல்லன்னா இந்த ஆபிஸே ஓடாது" என்று ரூபினியே ஒருமுறை சொன்னாள். எதற்குச் சொன்னாள் என்று இன்றுவரை தெரியவில்லை.

சர்வர் என்று ஒன்று வந்ததே தெரியாமல், பழையபடி சம்பளச் சீட்டு கேட்டு என் மேசை முன்னால் வந்து நின்றது கொழுந்து பறிக்கும் தங்கம்மா ஒருத்திதான். அந்த அம்மாளின் தாளை மட்டும் நான் ஒருநாளும் நிறுத்தியதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் எனக்கு அறுபது. துரை வேலையை நீட்டிக்காவிட்டால் எஸ்டேட் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எனக்குப் போக வேறு இடம் கிடையாது. அந்த நேரத்தில்தான், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு, ரூபினியிடமிருந்து ஒரு தாள் வரிசையில் வந்தது. பெயர்: 'ராஜநாயகம் பற்றி, துரைக்கு.'

பிரிண்டரையே மொத்தமாக நிறுத்தினேன். வந்து கேட்கட்டும், முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று காத்திருந்தேன். அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "அங்கிள், பேப்பரு வரல. பரவால்ல லா, நாளைக்கிப் பாத்துக்கலாம். பிரிஞ்சாங் பஸ்ஸு போயிரும்." கொஞ்சமும் அவசரமில்லாத அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்து பத்துக்கு அதன் பின்னால் ஸ்டோரிலிருந்து ஹரிதாஸின் தாள் வந்து நின்றது. 'பதினாலாம் நம்பர் மலை. மருந்து அடித்தாயிற்று. வெள்ளிவரை யாரும் போகக் கூடாது.' பார்த்தேன். காலையில் விட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிய வேண்டும். விடிந்ததும் கங்காணி மாடசாமி பிரிண்டர் தட்டைப் பார்ப்பான். தாள் இருந்தால் அந்த மலைக்கு ஆள் போகாது. இல்லையென்றால் எந்த மலைக்கும் தடையில்லை. முன்பெல்லாம் மலை ஓரத்தில் ஒரு பலகையும் நடுவார்கள். சர்வர் வந்த பிறகு அதை விட்டுவிட்டார்கள்.

மறுநாள் ஆறு மணிக்கு மாடசாமி வந்தான். "என்னா கிராணி, இன்னிக்கி மருந்துப் பேப்பரு இல்லையா?"

திரையில் இரண்டு வரியும் நின்றுகொண்டிருந்தன. பிரிண்டரை விட்டால் முதலில் வருவது ரூபினியின் தாள். அதை மாடசாமி கையில் எடுத்துப் படிப்பான். ஏழு மணிக்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். இரண்டாவதை மட்டும் முன்னால் தள்ளியிருக்கலாம், உண்மைதான். இரண்டு தட்டு வேலை. ஆனால் கை வைத்தால், நிறுத்தியது நான்தான் என்று ரூபினி கண்டுபிடித்துவிடுவாளோ என்று பட்டது.

"தட்டுல இல்லன்னா இல்ல லா" என்றேன்.

பன்னிரண்டு பெண்கள் பதினாலாம் மலையில் ஏறினார்கள். சன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். பனியில் இலையெல்லாம் நனைந்திருந்தது. தங்கம்மா வழக்கம்போல் எல்லாருக்கும் முன்னால் போனாள். நான் தேநீர் கலக்கிக் குடித்தேன்.

ஒன்பது மணிக்கு ஹரிதாஸ் கத்திக்கொண்டே ஓடி வந்தான். பெண்கள் வாந்தி எடுக்கிறார்கள், தங்கம்மாவுக்குப் பேச்சில்லை என்றான். அவன் துரையைத் தேடி உள்ளே ஓடியதும் அந்த இரண்டு தட்டைத் தட்டினேன். ஹரிதாஸின் தாள் வந்தது. அதைத் தட்டில் வேறு தாள்களுக்கு அடியில் வைத்தேன். ரூபினியின் தாளைப் படிக்காமலே அழித்தேன். அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

பதினொரு பேர் பிழைத்தார்கள். தங்கம்மா மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். தாள் அங்கேயே இருந்தது, கங்காணிதான் பார்க்கவில்லை என்று துரையிடம் சொன்னேன். மாடசாமி என் மேசை முன்னால் நின்று, "நீங்களே இல்லன்னு சொன்னீங்களே கிராணி" என்று அழுதான். அவனை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். உடனே வந்தது. பிரிண்டரில் ஒரு கோளாறும் இல்லை.

யார் எப்போது நிறுத்தினார்கள், எப்போது விட்டார்கள் என்று சர்வர் குறித்து வைக்குமாம். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை, பாருங்கள்.

சரி. தங்கம்மா செத்தது என்னால்தான். தெரிந்தேதான் போகவிட்டேன். எங்கே கையெழுத்து வேண்டும், சொல்லுங்கள்.

இது என்ன, ரூபினியின் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த கடிதமா? கொடுங்கள்.

'துரை அவர்களுக்கு. ராஜநாயகம் அங்கிளைப்போல இந்த ஆபிஸைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. தயவுசெய்து இன்னும் இரண்டு வருடம் அவரை வேலையில் வைத்துக்கொள்ளுங்கள்.' கீழே எல்லாரும் கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறாள். மாடசாமி பேர்கூட இருக்கிறது.

பார்த்தீர்களா, இன்ஸ்பெக்டர்? எவ்வளவு நல்லவிதமாக எழுதியிருக்கிறாள். அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.