ஆட்டத்திவசத்து அறுபது பாசல்

எனக்கு மற்ற ஆக்களின்ர வீட்டில தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் இல்லை, ஐயா. கோப்பையை எப்பிடிக் கழுவினவையோ எண்டு ஒரு அருவருப்பு. நீங்கள் பயப்பிடாமக் குடியுங்கோ, எங்கட கோப்பை சுடுதண்ணியில கழுவினது.

சுகாதாரப் பரிசோதகர் ரெண்டாந்தரமும் உருத்திரபுரத்தில என்ர வீடு தேடி வந்திருக்கிறியள் எண்டா, அந்த வீடியோவைப் பாத்திட்டியள். சரி, மறைக்காமச் சொல்லுறன்.

இந்த வருசம் பிறக்கேக்க, இல்லாததுகளுக்கு என்ர கையால சாப்பாடு குடுக்கோணும் எண்டு கோயிலில வச்சு முடிவெடுத்தனான். சாப்பாடு குடுக்கிற சங்கம் ஒண்டில சேர்ந்து, தை மாதம் முழுக்கத் தர்மபுரத்துக்குப் போனன். எனக்கு அது லேசான வேலை இல்லை. மலையகத்தால அந்தக் காலம் வந்து குடியேறின சனம். வயசு போனதுகள் விரலை நக்கி நக்கிச் சாப்பிடுங்கள், கடைவாயால வடியும். எனக்குப் பாக்கேலாது. எண்டாலும் கையுறையைப் போட்டுக்கொண்டு சிரிச்ச முகத்தோட நிண்டனான்.

மாசியில மாமான்ர ஆட்டத்திவசம் வந்தது. அவர் மோசம் போய் ஒரு வருசம். கனடாவில இருக்கிற மச்சாள் அருந்ததி, தகப்பன்ர பேரில அறுபது பேருக்குக் குடுக்கச் சொன்னவ. ஆனா சனம் சாப்பிடுறதைத் தான் போனில பாக்கோணுமாம். அங்க விடிய அஞ்சரை எண்டா இங்க பின்னேரம் நாலு மணி. சமைக்கிற தயாளினிக்கு அண்டைக்கு வேற வேலையும் இருந்தது, காலமை எட்டு மணிக்கே சோத்துப் பாசல் அறுபதையும் கட்டித் தந்திட்டா. "பால் விட்ட கறி அக்கா, பன்ரண்டுக்கிடையில குடுத்திடுங்கோ" எண்டும் சொன்னவ. அவவில பிழை இல்லை, எழுதுங்கோ.

தர்மபுரத்தில தகரக் கூரை மண்டபம், மாசி வெய்யில். சனம் பத்து மணியில இருந்து குந்திக்கொண்டிருந்தது. நான் குடுக்கேல்லை. மாமான்ர படத்துக்கு மாலை போட்டு, அதுக்கு முன்னால பாசலை வடிவா அடுக்கி வச்சிருந்தன்.

நாலு மணிக்கு அருந்ததி போனில வீடியோவில வந்தா, அங்க அதைப் பதிஞ்சுகொண்டும் இருந்தவ. அமராவதி எண்ட கிழவியை முன்னுக்கு இருத்தினனான். வெளுத்த சீலை, பாக்கத் துப்பரவான ஆள். அவ பாசலைப் பிரிச்சா, மணந்து பாத்தா, கையை எடுத்திட்டா. "அம்மா, சோறு ஊசிப் போச்சுங்க." மெல்லமாத்தான் சொன்னா, என்னை வெக்கப்படுத்தக் கூடாது எண்டாக்கும்.

"ஏன் அந்த அம்மா சாப்பிடேல்லை?" எண்டு அருந்ததி கேட்டா.

நீங்கள் அருந்ததியை அறியமாட்டியள், ஐயா. தகப்பன்ர திவசத்தையே பிரேமிளா பழுதாக்கிப் போட்டாள் எண்டு என்னைப் பற்றி ரொறன்ரோவில ஒரு வீடு விடாமச் சொல்லுவா. நான் கையுறையைக் கழட்டினன். பூசணிக்காய்க் கறி நூல் விட்டிருந்தது. குழைச்சு, "ஆ காட்டுங்கோ அம்மா" எண்டன். அவ என்ர முகத்தைப் பாத்தா. பிறகு வாயைத் திறந்தா. ஒவ்வொரு வாய்க்கும் அவவின்ர கண்ணால தண்ணி வந்தது. அதைப் பாத்து அருந்ததியும் அழுதா. பாசல் முடியுமட்டும் ஊட்டினனான். அவ சாப்பிடுறதைப் பாத்துத்தான் மற்றவையும் கை வச்சவை.

பொழுதுபடவே சத்தியும் வயித்தோட்டமும். பதினொரு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போச்சினம், பத்துப் பேர் திரும்பி வந்தவை. அமராவதி மூண்டாம் நாள் முடிஞ்சு போனா. நீங்கள் முதல் வந்து கேக்கேக்க, அவவின்ர குசினியைப் போய்ப் பாருங்கோ, அந்தச் சனத்தின்ர ஊத்தைதான் காரணம் எண்டு சொன்னனான். அங்க சட்டியெல்லாம் சாம்பல் போட்டு மினுக்கிக் கவிட்டு வச்சிருந்தது எண்டு இப்ப சொல்லுறியள். இருக்கலாம்.

ஓம், எனக்கு முதலே தெரியும். ஒரு மணிக்கே ஒரு பாசலைப் பிரிச்சு ஒரு வாய் வச்சுப் பாத்தனான். மண்டபத்துக்குப் பின்னால போய்த் துப்பினன். அந்த நாத்தம் போக மூண்டுதரம் வாய் கொப்பிளிச்சன். வீடியோவில அறுபதும் தெரியோணும் எண்டு அதைத் திருப்பி மடிச்சு முன்வரிசையில வச்சன். அமராவதிக்கு எடுத்துக் குடுத்ததும் அதைத்தான். கைக்குக் கிட்ட இருந்தது.

எண்டாலும் ஒண்டை மறக்காம எழுதுங்கோ, ஐயா. ஊட்டி முடிச்ச கையோட, அவவின்ர எச்சில் பட்ட கையைச் சவுக்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினனான். துப்பரவு விசயத்தில என்னில ஒருத்தரும் பிழை சொல்லேலாது.