பதினேழு நிமிசம்

லண்டன்காரன் வாசிப்பையும் சிம்பொனினு சொல்றாங்க பாருங்க, அங்கதாங்க எனக்குப் பத்திக்கிட்டு வருது... கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, பைய மடியில வச்சுக்கிறேன். நீங்களும் ஹட்டனுக்கா? நல்லதாப் போச்சு.

நான் மரியரட்ணம். வட்டகொடைக்கு மேல ஒரு தோட்டத்துல டீமேக்கர், தேயிலைப் பக்குவம் பாக்குறவன். எனக்குக் கீழ சுஜீவன்னு ஒருத்தன். ரெண்டு பேருக்கும் இந்த சிம்பொனிப் பைத்தியம் ஒன்னுதான், ஆனா எந்த ரெக்கோடிங்கு ஒசத்தினு சண்ட. அவன்கிட்ட இருக்க ரெக்கோடிங்கு லண்டன்ல வாசிச்சது, அறுபத்திரெண்டு நிமிசம். சுத்தமா இருக்கு, ஒரு பிசிறு இல்ல. ஆனா முன்னால நின்னு குச்சி ஆட்டி வாசிக்க வைக்கிறவன் கடைசி பஸ்ஸ புடிக்கப் போறவன் மாதிரி ஓடுறான். கடைசிப் பகுதியில வயலினெல்லாம் நின்னு அழுவணும். அங்கயும் ஓடுறான்.

எங்கிட்ட இருக்கது வியன்னாவுல வாசிச்சது. அதே சிம்பொனி, எழுபத்தொம்பது நிமிசம். நடுவுல எவனோ இருமுறான், ஒரு கொம்பு பிசகுது... இருக்கட்டுமே. ஒவ்வொரு சொரத்தையும் விட மனசில்லாம விடுறாரு மனுசன். எங்கம்மா செத்தப்பக்கூட எனக்கு அப்படி அழுக வரல. சுஜீவன் என்னா சொல்லுவான்னா, உங்காளு வாசிக்கிறப்பவே தூங்கிட்டாரு ஐயானு சொல்லுவான்.

என்னா சொல்ல வந்தேன்... ஆமா, இன்னைக்கி ஹட்டன்ல ஒரு விசாரண, அதுக்குத்தான் போறேன். ஸ்டோர்ல, அதான் தேயில ஃபெக்டரியில, அரைச்ச கொழுந்த செவக்கட்டும்னு பரப்பி வைப்போம். நேரம் தப்புனா போச்சு. கடிகாரத்த யாரு பாத்துக்கிட்டு இருக்கது? அவன் ரெக்கோடிங்கப் போட்டு விட்டுருவோம். அது முடியும், கொழுந்து காய வைக்கிற மெசினுக்குப் போகும். மூணு வருசமா அச்சுப் பிசகாம நடந்துச்சு. போன மாசம் ஒரு நாள் காலையில, நான் என்னோடதப் போட்டேன்.

பதினேழு நிமிசந்தாங்க கூட. தூளு கறுத்து, சாயம் மங்கிப் போச்சு. கொழும்புல ருசி பாக்குறவங்க எப்பவும் துப்புறவங்கதான். இந்தத் தடவ மொகத்தச் சுளிச்சுக்கிட்டுத் துப்புனாங்களாம்.

தோட்டத்துத் தொரை விசாரணைக்கு வரச் சொல்லி கடுதாசி குடுத்துட்டாரு... எனக்கா? இல்லிங்க, சுஜீவனுக்கு. நேரம் பாக்குறது அவன் பொறுப்பு. வேல போனாலும் போகும். அவன் சம்சாரம் றொசானா வேற மாசமா இருக்கா.

அவன் வந்து சொல்லலியானு கேக்குறீங்களா... சொன்னான். அறுபத்திரெண்டாவது நிமிசத்துல வந்து, ஐயா கொழுந்து செவந்துருச்சு, எடுத்துரலாமானு கேட்டான். நான் அழுதுக்கிட்டு இருந்தேன், கையக் காட்டி நிறுத்திட்டேன். அவனும் முடியிற வரைக்கும் எம்பக்கத்துலயே நின்னான். முடிஞ்சதும், "உங்காளுதான் ஐயா பெரிய ஆளு"னு சொல்லிட்டு, கொழுந்த அள்ள ஓடுனான். மூணு வருசத்துல அன்னிக்குத்தான் ஒத்துக்கிட்டான்.

இன்னைக்கி சாட்சி நான்தான். அவன் எங்கிட்ட வந்து ஒன்னுமே சொல்லலனு ஏற்கனவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்...

என்னங்க, எந்திரிச்சிட்டீங்க? இது கொட்டகலதாங்க. ஹட்டனுக்கு இன்னும் ஒரு ஸ்டேசன் இருக்கு.