தம்பியின் காருக்கு நான் தேர்ந்தெடுத்த டயர்கள்

கார் எவ்வளவு லேசோ, அதற்கு டயர் தேர்ந்தெடுப்பது அவ்வளவு கஷ்டம். கடைக்கு வருகிறவர்கள் இதைத் தலைகீழாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அகலமாக, தடியாக, பார்க்கக் கம்பீரமாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும் என்பார்கள். அப்படியில்லை இன்ஸ்பெக்டர் சார். ரப்பர் சூடானால்தான் சாலையைப் பிடிக்கும். கனமான கார் தன் எடையாலேயே டயரை அழுத்திச் சூடாக்கிவிடும். லேசான கார் அப்படி அழுத்தாது. அதற்கு மெல்லிய பக்கச்சுவரும் மிருதுவான ரப்பரும் வேண்டும்.

நீங்கள் கேட்டதை விட்டுவிட்டு வேறெதையோ பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். காலையில் வந்ததும், நொறுங்கிய காரிலிருந்து கழற்றிய டயரை இந்த மேசைமேல் வைத்தீர்கள். பக்கவாட்டில், தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் குறிக்கும் நான்கு எண்களைக் காட்டி, "ஆறு வருஷப் பழசும்மா. தெரியாம பழைய ஸ்டாக்கைப் போட்டுட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டீர்கள். ஆமாம் என்றிருந்தால் அப்படியே எழுதிக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள். ஆனால் அப்பாவுக்குப் பிறகு இருபது வருடமாக இந்தக் கடையை நடத்துகிறேன். எனக்குத் தெரியாமல் இங்கிருந்து ஒரு டயரும் வெளியே போனதில்லை.

அம்மா போனபோது தம்பிக்கு நாலு வயது, எனக்குப் பதினாறு. பசித்தாலும் அக்கா, பல் ஆடினாலும் அக்கா. எனக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. தம்பியும் என்னோடுதான் இருப்பான் என்றேன். யோசித்துச் சொல்கிறோம் என்று இரண்டு வீட்டாரும் போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

தம்பி படித்து, இயந்திரங்களுக்கு வரைபடம் போடும் வேலைக்குப் போனான். அடிபட்டுக் கிடந்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து, பின்கட்டுக் கொட்டகையில் இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சரிசெய்தான். விளக்குப் பிடித்ததும் போல்ட் எடுத்துக் கொடுத்ததும் நான். அந்தக் காரில் இரண்டே இருக்கை. எடை எண்ணூறு கிலோகூட வராது. ஓட்டிப் பார்க்கக் கிளம்பும்போதெல்லாம் பக்கத்து இருக்கையில் நான்தான் உட்காருவேன்.

பிறகு பல் டாக்டர் வந்தாள். தம்பி கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில் பழக்கம். நல்ல பெண், மனதாரச் சொல்கிறேன். என் சமையலறையில் ஒரு கரண்டியைக்கூடக் கேட்காமல் எடுக்கமாட்டாள். கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரில் குடியேறப்போவதாக இரண்டு பேரும் சேர்ந்து வந்து சொன்னார்கள். அவளுக்கு அங்கே சொந்தமாக கிளினிக் வைக்க இடம் கிடைத்திருந்தது.

"அப்ப நான் எதுல வர்றது?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"உனக்கு மேல ஒரு கேரியர் கட்டிடலாம்க்கா," என்றான்.

மூன்று பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

கிளம்ப நாலு நாள் இருக்கும்போது காரைக் கடைக்குள் கொண்டுவந்து நிறுத்தினான்.

"டயர் தேஞ்சுபோச்சுக்கா. மலை ரோடு வேற. நீயே பார்த்துப் போட்டுடு."

"எது வேணும்னு சொல்லுடா."

"உனக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப்போகுது?"

அந்தக் காருக்குச் சரியான டயர்களை இரண்டு மாதம் முன்பே வரவழைத்திருந்தேன். ஒட்டிய காகிதம்கூடக் கிழியாமல் பரண்மேல் இருந்தன. வரவில்லை, தாமதமாகும் என்று அவனிடம் சொன்னேன். விற்கக்கூடாதென்று நானே ஒதுக்கிவைத்திருந்த அடுக்கிலிருந்து நான்கை எடுத்தேன். சக்கர அளவு ஒன்றுதான். ஆனால் அவை இதைப்போல இரண்டு மடங்கு எடையுள்ள காருக்கானவை, பக்கச்சுவர் கெட்டி. ரப்பரும் வயதாகி இறுகியிருந்தது. கறுப்புப் பாலிஷ் போட்டுத் துடைத்தேன், புதிதுபோல ஆகிவிட்டன. காற்றையும் அளவுக்கு மேலேயே அடித்தேன்.

அவன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். "கல்லு மாதிரி இருக்கேக்கா."

"ஓட ஓட இளகிடும்," என்றேன்.

அவனிடம் நான் சொன்ன பொய்கள் அந்த இரண்டுதான். அந்த வாரம் முழுக்க மழை என்று ரேடியோவில் சொன்னார்கள். அதையும் கேட்டேன்.

கொல்ல நினைத்ததாக எழுதாதீர்கள். முதல் ஏற்றத்திலேயே கொஞ்சம் சறுக்கும், ஒரு சக்கரம் சாக்கடையில் இறங்கும், பயந்துபோய் எனக்கு போன் செய்வான், போய் அழைத்துவந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அன்று காலை முழுவதும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவனுக்குப் பிடித்ததைச் சமைத்தும் வைத்திருந்தேன். பக்கத்தில் அவளும் இருப்பாளே என்று கேட்பீர்கள். தெரியும். யோசித்தேன். ஆனால் நெடுநேரம் யோசிக்கவில்லை.

ஏற்றம் முழுவதும் ஏறிவிட்டார்கள். இறக்கத்தில், ஒன்பதாவது வளைவில், கார் அவள் பக்கமாகப் பாறையில் மோதியது. பின்னால் வந்த லாரி டிரைவர்தான் எனக்கு போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவள்மேல் யாரோ ஒரு போர்வையைப் போர்த்தியிருந்தார்கள். கால் மட்டும் வெளியே தெரிந்தது. மழையில் நனைந்துகொண்டிருந்தது. போர்வையை இழுத்து அதையும் மூடினேன்.

தம்பிக்கு முதுகெலும்பில் அடி. ஏழு மாதமாக இந்தக் கடைக்குப் பின்னால், அவனுடைய பழைய அறையில் இருக்கிறான். குளிப்பாட்டுவதும் புரட்டிப் படுக்கவைப்பதும் ஊட்டிவிடுவதும் நான்தான். வேறு யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. தினமும் ஒருமுறையாவது அழுவான்.

"மெதுவா போ, மெதுவா போனு அவ சொன்னா அக்கா. மெதுவாத்தான் போறேன்னு நினைச்சேன். நானே அவளைக் கொன்னுட்டேன்."

தலையைத் தடவிக்கொடுப்பேன். "ஓட்டுறவனுக்கு வேகம் தெரியாதுடா," என்பேன். கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்தபடியே தூங்கிவிடுவான். சின்ன வயதிலும் அப்படித்தான் தூங்குவான்.

சாலையில் இருந்த தடத்தை அளந்து பார்த்ததில் அவன் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போயிருக்க முடியாது என்றீர்கள். நீங்கள் அளக்கவே வேண்டாம், எனக்குத் தெரியும். அவன் கவனமாகத்தான் ஓட்டுவான்.

எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பரண்மேல் அந்த நான்கு டயர்களும் இன்னும் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள் சார். என்னை அழைத்துப்போவது எதற்கென்று அவனிடம் சொல்லாதீர்கள். அக்கா இப்படிச் செய்தாள் என்று தெரிந்தால் அவனால் தாங்கமுடியாது. அவன்தான் வேகமாகப் போனான் என்றே இருக்கட்டும். அது அவனுக்குப் பழகிவிட்டது.