ஒரு தோட்டாவில் சந்தேகம்

பாரிஸ் மெத்ரோ ரயில் லா ஷப்பல் நிலையத்தில் கதவுகளைத் திறந்தபடி நின்றுவிட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. எதிரே இருந்த பெண் காதிலிருந்து போனை எடுத்துவிட்டுப் பக்கத்திலிருந்த தன் அக்காவிடம் சொன்னாள்:

"ஒரு தோட்டாவுக்குள்ளை வெடிமருந்து ரெண்டுதரம் போட்டிட்டன் போலை கிடக்கு."

இறங்கி நடக்க எழுந்த நான் மறுபடி உட்கார்ந்தேன்.

"போலையோ? போட்டனியோ, இல்லையோ?"

"தெரியேல்லை அக்கா. நேற்றுக் குசினி மேசையிலை நிரப்பேக்கை அம்மா ஊரிலையிருந்து போன் எடுத்தவ. கதைச்சுக் கதைச்சே நிரப்பினன்."

"சுட்ட தோட்டாக் கோதுகளை வீட்டிலை நிரப்பாதை, கடையிலை வாங்கெண்டு எத்தினைதரம் சொன்னன்! மருந்து நிறுக்கவெண்டு வாங்கின அவ்வளவு நுட்பமான தராசு என்னத்துக்கு?"

"தராசு நிறுக்கும். முதலே போட்டதை ஞாபகம் வைச்சிருக்குமே?"

"இப்ப அந்தத் தோட்டாப் பெட்டி எங்கை?"

"இவர் காலமை சுடுற கிளப்புக்குக் கொண்டுபோயிட்டார். சுடேக்கை போனை லாக்கருக்குள்ளை வைக்கிறவர்."

"கிளப்புக்குப் போன் அடியன்!"

"ரெப்போந்தர் மெசின்தான் கதைக்குது. மெசேஜ் விடட்டாம்."

"துவக்கு வெடிச்சுதெண்டா மனிசன்ரை கை..."

"வாயை மூடுங்கோ அக்கா!"

அப்போது போன் அடித்தது. இருவரும் ஒன்றாகக் குனிந்தார்கள். நானும்தான்.

"அவரே?"

"அம்மா."

எடுத்தாள். "அம்மா, வேலையா நிக்கிறன். வையுங்கோ, பிறகு எடுக்கிறன்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இதை நேற்றே அம்மாவிட்டைச் சொல்லியிருக்கலாமெல்லே."