தலகாணிக்குச் சிவப்பு அட்டை

போச்சம்பள்ளிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் யூனிஃபார்ம் போட்ட இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ண்ணா, என் தலகாணிக்குச் செவப்பு அட்டை ஒட்டிட்டான்.”

“எவன்டா?”

“ரூம்ல கூட இருக்கானே, குவாலிட்டி முருகன். கம்பெனில வேண்டாத சாமானுக்கு ஒட்டறத ரூம்லயும் ஒட்டறான். ஒட்டுனா மூணே நாள்ல தூக்கிப் போட்டுருவான். செருப்பக் கழட்டி விடறதுக்குத் தரைல மஞ்சக் கோடு வேற போட்டுருக்கான்.”

“நீ சும்மாவா இருந்த?”

“காலைல கெளம்பறப்ப கத்திட்டேன்ல! ‘இனிமே எம் பொருள்ல ஒட்டுனா நடக்கறதே வேற’ன்னேன். சரி சரின்னு முதுகுல தட்டிக் குடுத்து, ‘போய்ட்டு வா’ன்னான்.”

“பயந்துட்டானாட்டம் இருக்குது.”

கம்பெனி கேட் வந்தது. தலகாணித் தம்பி எழுந்து முன்னால் நடந்தான். சட்டை முதுகில் சிவப்பு அட்டை: ‘தேவையற்றது. மூன்று நாளில் அகற்றவும்.’